தாயின் பெயரில் ஒரு மணிக்கூண்டு: சேட் பிரேம்சந்த் ராய்சந்த் வரலாறு

மும்பை நகருக்குச் சென்று வந்த நம்மவர் பலர் ராஜாபாய் மணிக்கூண்டைக் கண்டிருப்பர். உயர்நீதிமன்றத்தை அடுத்துள்ள பல்கலைக்கழக வளாகத்தில், ஓவல் திடலை நோக்கியவாறு 280 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் அக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்காரர் கட்டிய கட்டடம் என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுவது வழக்கம். வரைபடம் தீட்டியவர் ஆங்கிலேயர் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பொருள் ஈந்தவர் ஒரு சமண வணிகர். அது தாங்கி நிற்கும் பெயரோ, பொழுது சாய்ந்தபின் உணவைத் தொடாத ஒரு சமணத் தாயின் பெயர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அக்கோபுரத்துக்குப் பணம் தந்து ஓராண்டு நிறைவதற்குள் அவ்வணிகரின் செல்வம் கவிழ்ந்தது. அடிக்கல் நாட்டிய நாளில் அவர் பெருங்கடனில் வீழ்ந்து எழ முயன்றுகொண்டிருந்தவர். பம்பாயின் பருத்தி அரசர் என்று பெயர் பெற்றிருந்த அவர் தம் கையில் வைத்திருந்தவை எல்லாம் போயின. கை மாற்றிக் கொடுத்துவிட்டவை மட்டும் நின்றன. பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்வது, எப்படி விட்டுச்செல்வது என்று கணக்குப் பார்க்கும் நம் குடும்பத் தலைவர்கள், சேட் பிரேம்சந்த் ராய்சந்த் அவர்களின் வாழ்க்கையை ஒருமுறையேனும் படித்துப் பார்த்தல் நலம்.

பிரேம்சந்த் 1831-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சூரத்து நகரில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த், தாயார் ராஜாபாய். ஓசுவால் குலத்தைச் சார்ந்த சுவேதாம்பரச் சமணக் குடும்பம். சூரத்து ஒரு காலத்தில் மேலைக் கடற்கரையின் தலையாய துறைமுகமாக விளங்கியது. பின்னர் வணிகம் சிறிது சிறிதாகப் பம்பாய்க்கு இடம் பெயர, வணிகக் குடும்பங்களும் அதன் பின்னே பெயர்ந்தன. அவ்வாறு வந்த குடும்பங்களுள் இதுவும் ஒன்று. இளைஞர் பிரேம்சந்த் பம்பாயில் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் பயின்றார். அந்நாளில் தரகுத் தொழிலில் இருந்த இந்தியருள் ஆங்கிலம் எழுதவும் பேசவும் அறிந்தோர் மிகச் சிலர். வங்கிகளும் பெருங்கம்பெனிகளும் ஐரோப்பியர் வசமிருந்த காலம் அது. ஆகவே ஆங்கிலம் கற்ற ஒரு தரகர்க்கு எல்லாக் கதவுகளும் திறந்தன. பிரேம்சந்த் முதலில் தரகர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, விரைவிலேயே தனித்துத் தொழில் செய்யத் தொடங்கினார். தந்தையும் உடனிருந்தார்.

அக்காலப் பங்குத் தரகர்கள் நகர மண்டபத்தின் எதிரே ஆலமரத்தடியில் நின்று வாணிகம் செய்தனர். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அவர்கள். எழுத்து குறைவு, வாக்கே பத்திரம். அவர்கள் நடுவே பிரேம்சந்தின் சொல்லுக்கு ஏற்பட்ட மதிப்பு அளவு கடந்தது. அவர் கையெழுத்திட்ட சிறு துண்டுத்தாளைக் கொண்டு சென்றாலே வங்கியில் கடன் கிடைக்கும் என்ற நிலை வந்தது. இது பெருமையாகவும் இருந்தது. பின்னால் வந்த பெருந்தீங்குக்கு விதையாகவும் இருந்தது.

1861-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்கு வேண்டிய பருத்தியில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தே சென்றுகொண்டிருந்தது. வடமாநிலக் கப்பற்படை அத்துறைமுகங்களை அடைத்தவுடன் லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தன. இந்தியப் பருத்தியின் இழை குட்டையானது. ஆலைக்காரர்கள் அதை விரும்பியதில்லை. வேறு வழியின்மையால் இப்போது அதையே என்ன விலை கொடுத்தும் வாங்கினர். பம்பாயில் பொன்மழை பொழிந்தது. வீட்டு மெத்தைகளைக் கிழித்துப் பழம் பஞ்சையும் விற்றனர் என்று அக்காலச் செய்திகள் கூறும். இங்கிலாந்திலிருந்து நேர்த் தந்தித் தொடர்பு இல்லாத ஆண்டுகள் அவை. லிவர்ப்பூல் விலைநிலவரம் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் துறைமுகத்தை அடையுமுன்னரே பிரேம்சந்தின் ஆட்கள் படகில் சென்று செய்தி வாங்கி வந்துவிடுவர் என்றும், ஏனையோர் அறியுமுன் அவர் உள்நாட்டில் பருத்தியை வாங்கி முடித்திருப்பார் என்றும் சொல்வர்.

முப்பது வயதைச் சற்றே கடந்த அவ்விளைஞர் கையில் குவிந்த செல்வம் அளவிடற்கரியது. அச்செல்வத்தை வைத்துக்கொண்டு அவர் இரண்டு காரியங்களை ஒரே சமயத்தில் செய்தார். ஒன்று கொடை, மற்றொன்று ஊகவாணிகம். இரண்டிலும் எல்லை கட்டவில்லை.

கொடையை முதலில் காண்போம். பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. தோன்றிய சில ஆண்டுகள்வரை அதற்கெனச் சொந்தக் கட்டடம் இல்லை. 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், பல்கலைக்கழக நூலகம் ஒன்று கட்டுவதற்காகப் பிரேம்சந்த் 2 இலட்சம் ரூபாய் அளிக்க முன்வந்தார். நாற்பது நாட்கள் சென்று, அக்டோபர் 6-ஆம் நாள், மேலும் 2 இலட்சம் தருவதாக எழுதினார். இந்த இரண்டாம் தொகை, பெரிய கடிகாரமும் இசைமணிகளும் அமைந்த கோபுரம் ஒன்றுக்காக. கோபுரம் தம் தாயார் ராஜாபாயின் பெயரைத் தாங்க வேண்டும் என்பதொன்றே அவர் கேட்டது. இன்ன சாதியார்க்கு, இன்ன சமயத்தார்க்கு என்ற வரையறை எதுவும் இல்லை.

சூரத்திலே தந்தையார் பெயரால் பெண்கள் பள்ளி. பரூச்சிலே தந்தையார் பெயரால் நூலகம். அகமதாபாத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. இவ்வாறு குஜராத்து நாடெங்கும் அவர் கொடை பரவியது. பெண்கள் எழுத்தறிவதே தவறு என்று எண்ணிய வீடுகள் மிகுந்திருந்த காலத்தில், தந்தையின் பெயரைப் பெண்கள் பள்ளிக்குச் சூட்டியது சிறிய செயலன்று. நம் ஆன்றோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் கல்வித் தானத்தையே பிரேம்சந்த் பெரிதும் பற்றிக்கொண்டார் என்பது அவருடைய கொடைகளின் வரிசையைப் பார்த்தாலே புலனாகும். கோயிலுக்கும் அறச்சாலைக்கும் அவர் கொடுத்ததுண்டு. ஆயினும் அவர் பெயர் நிலைத்தது பள்ளியிலும் நூலகத்திலும்தான்.

இனி அவருடைய வாழ்க்கையின் மறுபக்கம். அதை மறைத்து எழுதுவது முறையன்று. பருத்தியில் வந்த பணம் எங்கே செல்வது என்றறியாமல் பம்பாயில் சுழன்றது. நாள்தோறும் புதிய வங்கி, புதிய நிதிக் கம்பெனி. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கென்று கம்பெனிகள் எழுந்தன. அவற்றுள் தலைசிறந்தது பேக் பே கம்பெனி. அதன் ஐயாயிரம் ரூபாய்ப் பங்கு பத்து மடங்கு விலைக்குக் கைமாறியது. இக்கம்பெனிகள் பலவற்றின் பின்னால் பிரேம்சந்த் இருந்தார். பம்பாய் வங்கி அரசாங்கமே பங்கு கொண்ட வங்கி, 1840-இல் தொடங்கப்பெற்றது. அதன் பழைய சட்டம் கண்டிப்பு மிக்கது. 1863-இல் வந்த புதுச் சட்டம் அக்கண்டிப்பைத் தளர்த்திவிட்டது. வேறு கம்பெனிகளின் பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்கும் வழக்கம் புகுந்தது. பிரேம்சந்த் சுட்டியவர்க்கெல்லாம் வங்கி கடன் வழங்கியது. தாமும் வாங்கினார்.

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் தென்மாநிலப் படைத்தலைவர் லீ அமெரிக்காவில் சரணடைந்தார். அச்செய்தி கடல் கடந்து பம்பாயை எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. தவணை வைத்து வாங்கிய பங்குகளுக்கெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள் 1865 ஜூலை 1. அந்நாளில் வாங்கியவரும் கொடுக்கவில்லை, விற்றவரும் பெறவில்லை. நகரமே நொடித்துப் போயிற்று. 2,850 ரூபாய் வரை ஏறியிருந்த பம்பாய் வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கியது என்று பங்குச் சந்தை வரலாறு கூறும். பின்னர் அவ்வங்கியே கலைக்கப்பட்டது. அதன் வீழ்ச்சியை ஆராய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழுவின் முன் பிரேம்சந்த் சாட்சியம் அளித்தார்.

அவரை நம்பிப் பங்கு வாங்கிய எளியோர் எத்தனை பேர்! ஓய்வூதியத்தை வைத்து வாழ்ந்தவர், நகை விற்றுப் பங்கு வாங்கியவர், கடைக்காரர், எழுத்தர் எனப் பலரும் அப்பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர். இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. இவ்வளவு பொருள் எனக்குப் போதும் என்று ஒருவன் தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்வதே அவ்விரதம். கொடையில் வள்ளலாக இருந்த பிரேம்சந்த், தொழிலில் இவ்வரம்பைக் கட்டிக்கொள்ளவில்லை. அவர் கொடுத்த இலட்சங்களைப் புகழ்கின்ற நாம், அவை வந்த வழியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கொடை பெரிது என்பதால் அதற்கு முன்னிருந்த ஊகவாணிகம் நல்லதாகிவிடாது. அதுபோலவே, ஊகவாணிகம் தீது என்பதால் கொடையின் பயன் இல்லாமற் போய்விடவும் இல்லை. இரண்டையும் ஒரே மனிதரிடம் காணும்போது நம் மனம் சற்றே திகைக்கிறது. திகைப்பது நல்லதுதான்.

பிரேம்சந்த் ஊரை விட்டு ஓடவில்லை. தம் சொத்துகளைக் கடன்காரர்களின் பொருட்டு ஒப்படைத்தார். சேட் என்று அழைத்துக் கைகட்டி நின்ற ஊர், இப்போது வேறு முகம் காட்டியது. ஒரு பருவத்தில் ஊரார் பணம் முழுதும் தம் சொல்லுக்கு ஆடக் கண்டவர் அவர். அதே தெருக்களில் பின்னர் நாற்பது ஆண்டுகள் நடந்து வாழ்ந்தார்.

இங்கே ஒரு கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். 1864-இல் அவர் அந்த 4 இலட்சத்தையும் கொடுக்காமல், என் காலத்துக்குப் பிறகு இன்ன தொகை பல்கலைக்கழகத்துக்குச் சேரட்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உயில் என்பது எழுதியவர் இறந்த பின்பே உயிர்பெறும். அதுவரை சொத்து அவருடையது. ஆகவே அவருடைய கடன்களுக்கும் அது பொறுப்பு. இறந்த பின்னும் கடன் தீர்ந்து எஞ்சியதே உயிலின்படி பங்காகும். 1865-க்குப் பின் எஞ்சியது என்ன? நூலகமும் இராது, கோபுரமும் இராது. ராஜாபாய் என்ற பெயரை இன்று ஒருவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

கொடை அவ்வாறன்று. கொடுப்பவர் கடனில்லாத நற்காலத்தில், மனமொப்பி, முறையாக எழுதிக் கையளித்துவிட்டால் அக்கணமே பொருள் பிறருடையதாகிறது. பின்னர் கொடுத்தவர் நொடித்தாலும் அப்பொருளுக்குக் கேடில்லை. கடன்காரரை ஏய்க்கும் எண்ணத்துடன் கடைசி நேரத்தில் மனைவி மக்கள் பெயருக்கு மாற்றி எழுதுவதைச் சட்டம் ஏற்பதில்லை; அவ்வாறான மாற்றத்தை நீதிமன்றம் தள்ளிவிடும். பிரேம்சந்தின் கொடை அத்தகையதன்று. செல்வம் உச்சியில் இருந்த நாளில், கேட்பார் கட்டாயமின்றித் தாமே முன்வந்து, தமக்கோ தம் மக்களுக்கோ அதில் ஒரு பிடியும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தது. அதனால்தான் அது நின்றது.

நம் ஊர்களிலும் இதனைக் காண்கிறோம். ஜினாலயத்துக்கு இந்த நஞ்சை என்று பெரியவர் வாயால் சொல்லிவிட்டுக் கண்மூடுவார். மூத்த மகன் இருக்கும்வரை நெல் தவறாமல் கோயிலுக்கு வரும். பேரன் காலத்தில் நிலம் யாருடையது என்ற பேச்சு எழும். பாட்டன் சொன்னது எங்களுக்குத் தெரியாது என்று சொல்பவன் பொய்யனல்லன். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. எழுதிப் பதிவு செய்து ஒரு படி கோயிலிலும் ஒரு படி வீட்டிலும் வைத்திருந்தால் அண்ணன் தம்பிகள் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பம்பாய்க்குத் திரும்புவோம். பல்கலைக்கழகத்தார் பெற்ற பணத்தை உடனே செலவிடவில்லை. இடம் தேர்வது, வரைபடம் பெறுவது என்று ஆண்டுகள் கழிந்தன. வரைபடம் அளித்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். இந்தியாவுக்கு வராமலேயே வரைந்து அனுப்பினார். 1869 மார்ச் 1-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 1878 நவம்பரில் பணி நிறைவுற்றது. நூலகத்துக்கும் கோபுரத்துக்குமாக ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ரூபாய் செலவு. பிரேம்சந்த் தந்ததோ 4 இலட்சம். பணிக்காலம் நீண்டபோது அத்தொகை பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வட்டியோடு வளர்ந்தது. கொடுத்தவர் கையிலேயே அது இருந்திருந்தால் வளர்வதற்கு ஒரு ரூபாயும் எஞ்சியிராது.

கோபுரத்தின் மீது மேற்கு இந்தியாவின் பல்வேறு வகுப்பு மக்களைக் காட்டும் 24 சிலைகள் உள்ளன. இருபத்து நான்கு என்றதும் நம் மனம் தீர்த்தங்கரர்பால் செல்லும். ஆனால் அமைத்தவர்க்கு அக்கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. கடிகார மணிகள் அந்நாளில் ஆங்கிலேயரின் நாட்டுப்பாடல் முதலாகப் பதினாறு இசைகளை ஒலித்தன.

இக்கோபுரத்தைப் பற்றிச் சமணக் குடும்பங்களில் வழங்கும் ஒரு கதை உண்டு. அன்னை ராஜாபாய் பார்வை இழந்தவராம். இரவு உண்ணா விரதத்தில் உறுதியானவராம். பொழுது எப்போது சாயும் என்று ஒவ்வொரு மாலையும் பிறரைக் கேட்டறிய வேண்டிய நிலை அவரை வருத்தியதாம். மணியோசையைக் கேட்டு, எவரையும் எதிர்பாராமல் நேரமறிந்து உண்ணட்டும் என்றே மகன் மணிக்கூண்டு எழுப்பினாராம். கதையை அப்படியே கொள்வதற்குத் தடைகள் உண்டு. பிரேம்சந்தின் மாளிகை பைகுல்லாவில் இருந்தது. கோபுரமோ கோட்டைப் பகுதியில். இடையே தொலைவு மிகுதி. பணம் தந்ததற்கும் மணி ஒலித்ததற்கும் இடையே 14 ஆண்டுகள். அன்னைக்கு நேரம் அறிவிக்க வீட்டில் ஒரு கடிகாரம் போதுமே! என்றாலும் இக்கதையை நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. தாயின் விரதத்தை மகன் மதித்தான் என்பதைத்தான் ஊரார் இவ்வாறு கதையாக்கினர். ஆங்கிலக் கல்வி கற்று, ஆங்கிலேயரோடு வாணிகம் செய்து, கோடிகளைக் கையாண்ட மகனுக்கு அந்த அன்னையின் மாலை நேரத்து நியமம் சிறிதாகத் தோன்றவில்லை. இன்று நகரங்களில் வாழும் நம் வீடுகளில், ஐந்தரை மணிக்கே உண்டு முடிக்கும் பாட்டிமாருக்கு முதலில் அடுப்பைப் பற்றவைக்கும் மருமகள்களும் இருக்கிறார்கள். முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த 2 இலட்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு முடியாது. பம்பாய்க் கொடை கல்லாக நிற்கிறது. கல்கத்தாக் கொடை மனிதராக நடமாடியது. 1866-இல் பல்கலைக்கழகம் அத்தொகையை முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையை ஏற்படுத்தியது. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவது என்ற ஏற்பாடு நம் கோயில் கட்டளைகளில் நாம் அறிந்ததே. 1868 முதல் மிகச்சிறந்த மாணவர்க்குக் கடுந்தேர்வின் பின் அது வழங்கப்பட்டது. ஆனந்தமோகன் போஸ், அசுதோஷ் முகர்ஜி, வரலாற்றறிஞர்கள் ஜதுநாத் சர்க்கார், ஆர். சி. மஜும்தார், மொழியறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜி முதலியோர் அதைப் பெற்றவர்கள். வங்காளத்தில் ஒருவர் பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை பெற்றவர் என்றால் அவரது அறிவுக்கு வேறு சான்று கேட்க மாட்டார்கள். குஜராத்தி பேசிய ஒரு சமணரின் பெயர், அவர் மொழியையும் சமயத்தையும் சாராத வங்க அறிஞர்களின் பட்டங்களோடு ஒட்டிக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழங்கிற்று. பெற்றவர்களில் பலர்க்கு அவர் எந்த ஊரார் என்பதும் தெரிந்திராது.

பிற்கால வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பழைய செல்வம் அந்த அளவில் திரும்பவில்லை. ஆயினும் மீண்டும் தரகுத் தொழிலில் நின்று, நம்பிக்கைக்குரியவராக மதிக்கப்பட்டார். 1875-இல் பம்பாய்த் தரகர்கள் சங்கமாகத் திரண்டபோது, அம்முயற்சியின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அச்சங்கமே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. ஆலமரத்தடியில் தொடங்கிய தொழிலுக்கு விதிமுறைகள் வேண்டும் என்பதை அவரைவிடப் பட்டறிந்தவர் யார்? 1906 ஆகஸ்டு 31-ஆம் நாள், தம் எழுபத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் மக்களுள் கீகாபாய் பிரேம்சந்த் நிதித்துறையில் பெயர் பெற்று, ஆங்கில அரசிடம் சர் பட்டம் எய்தியவர். வெள்ளியும் பங்குகளும் வாங்கி விற்பது அவர் தொழில். 1940-களின் தொடக்கத்தில் தம் வணிக இருப்பிலிருந்து வெள்ளிக் கட்டிகளையும் பங்குகளையும் எடுத்துச் சில டிரஸ்டுகளுக்கு எழுதி வைத்தார். எடுத்தவற்றுக்குத் தாம் வாங்கிய அடக்கவிலையைக் கணக்கில் வரவு வைத்தார். வருமானவரித் துறையினர் அதை ஏற்கவில்லை. அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே கொண்டு, இலாபத்துக்கு வரி கட்ட வேண்டும் என்றனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒருவர் தம் பொருளைத் தம் வணிகத்திலிருந்து எடுத்துக்கொள்வது விற்பனையன்று, தமக்குத் தாமே விற்று இலாபம் பெறுதல் இயலாது என்ற கருத்தில் 1953-இல் நீதிமன்றம் கீகாபாயின் பக்கம் தீர்ப்பளித்தது. வருமானவரிச் சட்டம் பயில்வோர் இன்றும் கற்கும் வழக்குகளுள் இதுவும் ஒன்று.

தந்தை செய்ததும் மகன் செய்ததும் ஒன்றல்ல. தந்தை கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கணக்கைக்கூடப் பல்கலைக்கழகத்தாரே பார்த்துக்கொண்டனர். மகன் எழுதி வைத்துவிட்டு, நிர்வாக டிரஸ்டியாகத் தாமே இருந்தார். நமக்குத் தந்தையின் வழியே உயர்ந்ததாகப் படுகிறது. மகனின் முறையையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. தொழிலில் இருக்கும் பொருள் வேறு, ஒதுக்கி வைத்த பொருள் வேறு என்று இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க வேண்டும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கற்றிருப்பார். 1865-ஐக் கண்ட குடும்பம் அல்லவா? தந்தை உயிரோடிருந்தபோதே அறத்துக்குக் கொடுத்ததை மக்கள் கண்டார்கள். கொடுத்தது போக எஞ்சியதில் தங்களுக்கு வருவது வரட்டும் என்ற மனநிலை, பத்திரத்தில் எழுதி வருவதன்று. வீட்டில் பார்த்து வருவது. கொடையைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் செய்துவிட்டுப் போனால், பிள்ளைகள் அதைத் தங்கள் பங்கில் விழுந்த வெட்டாகவே காண்பார்கள். பிரேம்சந்த் தம் தாய் தந்தையர் பெயரால் ஊரறியச் செய்தார். பாட்டியின் பெயரைத் தாங்கிய கோபுரத்தின் மணியோசையிலே பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

2013 முதல் 2015 வரை நூலகமும் கோபுரமும் பழுதுபார்க்கப்பட்டன. செலவை டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் ஏற்றது. 2018-இல் ஓவல் திடலைச் சுற்றியுள்ள கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபோது, ராஜாபாய் கோபுரமும் அதனுள் அடங்கியது. பிரேம்சந்த் தமக்கென்று வைத்துக்கொண்டிருந்த பைகுல்லா மாளிகைக்குப் பிரேமோத்யான் என்று பெயர். அது குடும்பத்தின் கையிலிருந்து அகன்று, கிறித்தவக் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியாயிற்று. அவர் குடியிருந்த இடத்திலே பல சமயத்துச் சிறுமியரும் எழுத்துக் கற்றனர்.